பூனை மூத்திரமும் புறவாசல் மண்ணும்

வீட்டுக்குள் மோண்டு வைக்கும் பூனைக்கு நெல்லைச் சீமையில் வைத்தியம் சொல்லாதவர் இல்லை. பினாயில் ஊற்றச் சொல்வார் ஒருவர்; சூடத்தைப் பொடித்துத் தூவச் சொல்வார் இன்னொருவர். அந்துருண்டை, மிளகாய்ப்பொடி, எலுமிச்சைத் தோல், சொட்டுநீலம் கலந்த தண்ணீர்ப் பாட்டில் என்று வரிசை நீளும். எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாகச் சாக்கு வரும். பூனையை அதற்குள் பிடித்துக் கட்டி ஆற்றுக்கு அந்தக் கரையில் விட்டுவிட்டு வருவார்கள். இவை எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளுவதும் பிழை. அனுபவ அறிவு என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் பிழை. தனித்தனியாக எடை போட்டாக வேண்டும். எடை போட மூன்று கேள்விகள் போதும். அந்த முறை காரணத்தைத் தேடுகிறதா? பூனைக்குத் தீங்கு செய்யாமல் இருக்கிறதா? நாம் குடியிருக்கும் வீட்டில், நம் கைக்கு எட்டும் பொருளை வைத்து, நாள்தோறும் செய்ய முடிகிறதா?

முதல் கேள்வியில் தேறும் ஆவணம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவக் கழகமும் 2014இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இந்தத் துறையின் போக்கையே திருத்தின. 'கெட்ட பழக்கம்', 'பழிவாங்கும் பூனை' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. உடல்நோய், காரணம் துலங்காத சிறுநீர்ப்பை அழற்சி, எல்லைக்கு அடையாளமிடுதல், கழிப்பிடமும் சுற்றுப்புறமும் ஒவ்வாமை என்று நான்காகப் பிரித்து, எது என்று தெரிந்த பிறகே மருந்து என்கிறது. இந்த வரிசைமுறைதான் அதன் பெரிய சாதனை. நம்மூர் வைத்தியங்களில் ஒன்றுகூட இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. எல்லாமே மோண்ட இடத்தைப் பார்க்கின்றன. மோண்ட பூனையைப் பார்ப்பதில்லை.

பார்த்தால் தெரியக்கூடியது நிறைய. குந்தி உட்கார்ந்து தரையில் குளமாக விட்டிருந்தால் அது கழித்தல். நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கி, சுவரிலோ கட்டில் காலிலோ கொஞ்சமாகப் பீய்ச்சியிருந்தால் அடையாளம். அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, பின்னால் திரும்பி நக்கிக்கொண்டே இருந்தால் நோய். இந்த மூன்றாவது பூனை கடுவனாக இருந்து, சொட்டும் வராமல் நின்றுவிட்டால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடுவனின் மூத்திரக்குழாய் குறுகலானது. படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். குளியலறைத் தண்ணீர்ப் போக்கி மேல் பூனை குனிந்தே இருக்கிறது. வயிறு மாங்காய்போல் கல்லாகியிருக்கிறது. வீட்டு அம்மா 'மலச்சிக்கல்' என்று விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டிருக்கிறார். அன்பில் குறையில்லை, பார்வையில்தான் பிழை. இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில், பூனைக்கு நீர் அடைத்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற செய்தி இன்னும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை.

இனி நம் வைத்தியங்களுக்கு வருகிறேன். பினாயில்தான் இவற்றில் மிகவும் பரவியது, மிகவும் தவறானது. கருப்புப் பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லக்கூடியது என்றால் அதற்கும் இந்த உடற்குறைதான் காரணம். ஈரம் காயாத தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு நாமே நஞ்சைத் தேய்த்துக் கொடுக்கிறோம். பயனாவது உண்டா? இல்லை. நம் மூக்குக்கு ஒரு வாசனை மேல் இன்னொரு வாசனை படிகிறது. பூனையின் மூக்கு இரண்டையும் தனித்தனியாகவே அறிகிறது. பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவோடு சேர்ந்து அது குளோரமின் வாயுவாகும். அடைத்த அறையில் கண்ணும் தொண்டையும் எரிவது அதனால்தான். சூடத்துக்கும் அந்துருண்டைக்கும் தீர்ப்பு இது: விரட்டும் பொருளாக ஓரளவு வேலை செய்யும், நக்கினால் நஞ்சு. நீலப் பாட்டிலுக்குத் தீங்கும் இல்லை, பலனும் இல்லை. மோண்ட இடத்தில் பூனையின் மூக்கை வைத்துத் தேய்ப்பது கொடுமை என்பதோடு முறைப்படியும் அபத்தம். கடந்துபோன செயலையும் இப்போது கிடைக்கும் தண்டனையையும் பூனை இணைத்துப் பார்ப்பதில்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது போகக் கூடாது. அடுத்த முறை அலமாரிக்குப் பின்னால் போகும்.

சாணித்தண்ணியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் அது ஒரு காலத்தில் சரியான முறையாக இருந்தது. மண்தரையில் மூத்திரம் இறங்கினால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, செம்மண்ணும் சாணியும் குழைத்து மெழுகினார்கள். நாற்றம் பிடித்த மேல்படலமே போய்ப் புதுப்படலம் வந்தது. முறைக்கும் தரைக்கும் முழுப் பொருத்தம் இருந்தது. தரை டைல்ஸ் ஆனபின் அதே சாணியைக் கரைத்துத் தெளிப்பதில் சடங்கு மிஞ்சுகிறது, காரணம் போய்விட்டது. வினிகருக்கும் எலுமிச்சைக்கும் பாதி மதிப்பெண் தரலாம். காரமான அமோனியாவை அமிலம் அடக்கும். ஆனால் பூனை மூத்திரத்தின் தனி வீச்சம் அமோனியா மட்டுமில்லை. கந்தகம் கலந்த ஃபெலினின் என்ற அமினோ அமிலம் அதில் இருக்கிறது. காக்ஸின் என்ற புரதம் அதன் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதை ஜப்பானின் மியாசாகி குழு 2006இல் காட்டியது. காயடிக்காத கடுவனிடம் அது மிக அதிகம். ஃபெலினின் மெல்லச் சிதையும். சிதையச் சிதைய நாறும். மோண்ட அன்றைக்குத் தெரியாத வீச்சம் மூன்றாம் நாள் வீட்டையே நிறைப்பது இதனால்தான்.

சுத்தம் செய்வதில் கடைச்சரக்கான 'என்சைம்' திரவங்கள் பொதுவாகப் பாராட்டுக்குரியவை, அவற்றின் விளம்பரம் அப்படியில்லை. யூரிக் அமிலப் படிகத்தைக் கரைப்பதாகச் சொல்லி விற்கிறார்கள். பூனையின் உடல் யூரிக் அமிலத்தைப் பெரும்பாலும் அலன்டாயினாக மாற்றியே வெளியேற்றுகிறது. நாற்றத்துக்கு அதைக் குற்றவாளியாக்குவது பலவீனமான வாதம். நொதி கலந்த சாதாரணச் சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, பச்சைத் தண்ணீரால் அலசி, காயவிட்டு, அதன்மேல் ஸ்பிரிட் தெளிப்பது இதே பலனைக் குறைந்த செலவில் தருகிறது. கழுவுவதற்குமுன் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கு போதும். இருட்டறையில் பிடித்தால் காய்ந்த மூத்திரம் மஞ்சள் பச்சையாக மினுங்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சலவைத்தூளும் அதே விளக்கில் வெளிர்நீலமாக மினுங்கும். எனவே விளக்குப் பிடிப்பது முதலில், கழுவுவது பிறகு.

பத்தமடைப் பாய் இந்தக் கழுவும் சோதனையில் தோற்கும் பொருள். ஆற்றோட்டத்தில் ஊறப்போட்டுப் பக்குவம் செய்து, இழை இழையாகக் கிழித்து நெய்த கோரை, ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். வெயிலில் போட்டால் காய்ந்ததுபோலத் தெரியும். மழைக்காலக் காற்றில் ஈரம் ஏறியதும் பழைய வீச்சம் திரும்பி வரும். மோண்ட உடனே ஆற்றிலோ குழாயடியிலோ ஓடும் தண்ணீரில் அலசினால் பிழைக்கும். மறுநாள் என்றால் இல்லை. மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளின் அளவுகோல் இங்கே கவனிக்கத்தக்கது. பூனை வாய்வைத்த தண்ணீரை அசுத்தமாகக் கருதாத மரபு அது; ஆனால் பூனையின் மூத்திரம் தொழும் பாயில் பட்டால் கழுவியே தீர வேண்டும். பூனையிடம் கனிவும் மூத்திரத்திடம் கண்டிப்பும் ஒரே வீட்டில் ஒத்துப்போகும் என்பதற்கு இது நல்ல சான்று.

அடையாளமிடும் கடுவனுக்குக் கருத்தடை அறுவையே முதன்மை மருந்து. ஹார்ட், பாரெட் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், காயடித்தபின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது கடுவன்கள் பீய்ச்சுவதை விட்டன அல்லது வெகுவாகக் குறைத்தன. அரை நூற்றாண்டு கழித்தும் அதை மிஞ்சிய மருந்து வரவில்லை. மிச்சமுள்ள பத்தில் ஒன்று சன்னல் பக்கம் பீய்ச்சினால், மதிற்சுவர் வழியாக வேற்றுக் கடுவன் ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். சன்னலின் கீழ்ப்பாதியை மறைப்பது எளிது. பெட்டையும் பீய்ச்சும் என்பதை நம்மவர்கள் நம்புவதில்லை. குறைவாகத்தான், ஆனால் பீய்ச்சும்.

சிறுநீர்ப்பை அழற்சியில் பஃபிங்டன் குழுவின் 2006 ஆய்வு பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. 46 பூனைகளின் சுற்றுப்புறத்தைச் சீர்செய்து பத்து மாதம் கவனித்தார்கள்; நோயும் அச்சமும் குறைந்தன. மனஉளைச்சல் மூத்திரப்பையில் இறங்கும் என்ற கருத்தை மருத்துவ நடைமுறையாக்கியது அதன் வெற்றி. ஒப்பீட்டுக் குழு இல்லாதது அதன் குறை. தானாகவே தணிந்து திரும்பும் இயல்புள்ள நோயில் இந்தக் குறை சிறியதில்லை. ஆனாலும் அதன் திசை சரி என்றே கருதுகிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத் தெருக்களில் வீடு திரும்பிய பூனைக்கு என்ன மிஞ்சியிருந்தது? கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன்னுடையதாக்கிய கதவுநிலையைச் சேறு மூடிவிட்டது. கட்டில் புதிது, பெயிண்ட் புதிது, தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர். அப்படிப்பட்ட வீட்டில் மோளும் பூனையைத் தண்டிக்க ஒருவருக்கும் நியாயம் கிடையாது.

உணவும் இதில் சேர்த்தி. கடையில் விற்கும் உலர் தீனியில் நூற்றுக்குப் பத்து பங்குதான் ஈரம். சாளைத் தலையும் குழைந்த சோறும் தின்ற பூனைக்குச் சாப்பாட்டோடு தண்ணீரும் போனது. சத்தில் அந்தச் சோறு குறைபட்டதுதான், நீரில் இல்லை. பாலைவனக் காட்டுப்பூனையின் வழிவந்த விலங்கு மூத்திரத்தை வெகுவாகச் செறிவாக்கும். சித்திரை வெயிலில் உலர் தீனி மட்டும் தின்னும் கடுவனுக்கு அந்தத் திறமையே வினையாகும்.

இதுவரை சொன்னதில் 2014 நெறிகளோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. பிணக்கு தொடங்குவது நான்காவது பிரிவான கழிப்பிடத்தில். அந்த ஆவணத்தின் மனத்தில் இருக்கும் வீடு மூடிய கதவுள்ள மேலைநாட்டு வீடு. பூனை ஒன்றுக்கு ஒரு தட்டு, அதன்மேல் கூடுதலாக ஒன்று; மூக்கிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தட்டின் நீளம்; தட்டுகள் வெவ்வேறு அறையில். சரியான விதிகள். ஆனால் திருநெல்வேலி டவுனில் பல குடித்தனங்கள் சேர்ந்த ஒரு வளவுக்குள் ஒற்றை அறையும் அடுக்களையுமாக வாழும் குடும்பத்துக்கு, இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பது படுக்க இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வதாகும். அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. நம் பூனைக்கு ஒரு கழிப்பிடம் ஏற்கெனவே இருந்தது, அதை நாம்தான் எடுத்துவிட்டோம் என்பது அந்த ஆவணத்தின் பார்வைக்கு வரவே முடியாது.

நெல்லையின் பழைய வீடு திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று பின்னோக்கி நீளும். புறவாசலில் கிணறு, வாழை, தொழுவம், அடுப்புச் சாம்பல் கொட்டும் மூலை. பூனைக்கு வேறென்ன வேண்டும்? இளகின மண், தோண்ட இடம், மூடச் சாம்பல், தப்பி ஓட மதில். விலங்கு நடத்தை ஆய்வாளர் போர்ச்செல்ட் 1991இல் பூனைகள் நுண்ணிய, இளகிய துகளையே விரும்புகின்றன என்று கண்டறிந்ததை இந்தச் சாம்பல் மூலை எந்த ஆய்வும் இல்லாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தது. பிறகு கேஸ் வந்தது, சாம்பல் போனது. செப்டிக் டேங்க் வந்தது, அதன்மேல் காங்கிரீட் வந்தது. மாடு போனபின் தொழுவம் வாடகை அறையானது. 'சுத்தமாக இருக்கட்டும்' என்று புறவாசல் முழுக்கச் சிமெண்டு பூசினார்கள். மண் என்று மிஞ்சியது துளசி மாடத்துக்குள் இருக்கும் ஒரு கை மண். பூனை அங்கே தோண்டினால் அபசாரம், அரிசிச் சாக்கில் தோண்டினால் அநியாயம். அதற்கு விட்டுவைத்த இடம் எது என்ற கேள்விக்கு வீட்டில் ஒருவரிடமும் பதில் இல்லை.

பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. காயடிக்காத கடுவன்கள் பத்தாயத்திலும் தூணிலும் பீய்ச்சத்தான் செய்தன. நீர் அடைத்துச் செத்த பூனையை 'எதையோ தின்றுவிட்டது' என்று புதைத்தார்கள். புறவாசல் மண்ணில் குழந்தைகளும் விளையாடினார்கள். பூனைப் பீயில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். அது தொற்றும் நிலைக்கு முதிர ஒரு நாளாவது பிடிக்கும் என்பதால், அன்றன்றைக்கு அள்ளி எறிவது பாதுகாப்பு. கர்ப்பிணிகள் அந்த வேலையைத் தொடக் கூடாது. பழைய வீட்டில் அள்ளுபவர் இல்லை. இடம் சரியாக இருந்தது, பராமரிப்பு இல்லை. இன்றைய தட்டில் பராமரிப்பு சாத்தியம். பொருள்தான் சரியாக அமைய வேண்டும்.

எந்தப் பொருள்? ஆற்று மணல்தான் முதலில் நினைவுக்கு வரும். பூனையும் அதைத்தான் சொல்லும். ஆனால் கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதிக்க நேர்ந்த அளவுக்கு அந்த ஆறு சுரண்டப்பட்டது. அரைச் சட்டி மணல்தானே என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்த ஆற்றங்கரையில் வீடுகள் ஏராளம். எம்-சாண்ட் உடைத்த கல். ஆற்று மணலின் உருட்சி அதற்குக் கிடையாது, தூசி அதிகம். உமி ரைஸ்மில்லில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஈரத்தை வாங்காது, தோண்டினால் பறக்கும். உமிச்சாம்பல் ஈரத்தையும் வீச்சத்தையும் நன்றாக அடக்கும். வீடு முழுக்கக் கரிய பாதச்சுவடு விழும். மரத்தூள் ஈரம் வாங்கும். தூசி மூக்கில் ஏறும். கடையில் விற்கும் பென்டோனைட் களிமண் கட்டியாக உறைவதால் அள்ளுவதற்கு மிக வசதி. பூனைகள் விரும்பவும் செய்கின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வெட்டி லாரியில் வரும் கனிமம் என்பதும், மாதாமாதம் காசு என்பதும் அதன் குறைகள்.

என் தேர்வு தென்னை நார்த்தூள். நர்சரிகளில் கட்டியாகக் கிடைக்கும். தண்ணீரில் உதிர்த்துக் காயவைத்தால் மெத்தென்று இருக்கும். தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரம் பிடிக்கும். கழித்தபின் பீயை மட்டும் அள்ளிவிட்டு மிச்சத்தைப் பூச்செடிக்குப் போடலாம். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சில நாளுக்கொருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். அதன்மேல் பூனைக்குப் பழகிய வீட்டு மண்ணைச் சலித்து ஒரு கைப்பிடி தூவினால் பூனை தயங்காமல் ஏறும். என் தேர்வே எல்லாப் பூனைக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தட்டில் இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பார்த்தால் பூனையே தீர்ப்புச் சொல்லிவிடும். இந்தச் சோதனைக்குப் பழைய பிளாஸ்டிக் டப் இரண்டு போதும். மூடி வேண்டாம், வாசனைப் பொடி வேண்டாம், வாஷிங்மெஷின் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கடைசி வைத்தியமான சாக்குக்கு என் தீர்ப்பு கடுமையானது. முறையாகப் பார்த்தாலே அது தோல்வி. பூனையை அகற்றுகிறது, காரணத்தை அப்படியே விட்டுவைக்கிறது. அரைகுறையாகக் கழுவிய சுவரில் பழைய வாடை இருக்கும்வரை தெருவில் போகும் கடுவன் வந்து அதே இடத்தில் பீய்ச்சும். அறமாகப் பார்த்தால் சொல்லவே வேண்டாம். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் என்பது அந்தச் சட்டத்துக்கே இழுக்கு. அக்கரையில் இறங்கும் பூனைக்கு அந்தத் தெரு இன்னொரு கடுவனின் எல்லை. கடிபட்டுச் சீழ் வைத்துச் சாவதே பெரும்பாலும் அதன் கதி.

ஆகவே வரிசை இது: முதலில் மருத்துவர், கடுவன் என்றால் அறுவை, பிறகு தட்டும் மண்ணும், அதோடு சேர்ந்தே சலவைத்தூள். 2014 நெறிகளின் தருக்கம் இந்த வரிசையில் முழுமையாக நிற்கிறது. அவற்றின் வீடுதான் மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யத் தகுதியும் கடமையும் உள்ள இடம் இராமையன்பட்டிக் கல்லூரி. வளவு வீட்டின் வரைபடத்தோடு, நீரடைப்பின் அறிகுறியை முதல் வரியில் பெரிய எழுத்தில் போட்டு, பினாயிலுக்குப் பதில் எது, நார்த்தூள் எவ்வளவு ஆழம், எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது என்று ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, மேலப்பாளையத்திலிருந்து பாபநாசம் வரை ஒவ்வொரு கால்நடை மருந்தகச் சுவரிலும் அது ஒட்டப்பட வேண்டும்.